நடக்கும்போது கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி இது: "நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து செய்கிற வேலை. மனசு எப்போதும் களைத்தே கிடக்கிறது. இயற்கையோடு இருங்கள், நடங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாலைந்து தடவை ஊருக்கு வெளியே போய் நடந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது, கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. வயல்வெளியிலும் புதர்க்காட்டிலும் கீரை, பழம் தேடிப் பறிக்கிறவர்கள் அதில் பெரிய சந்தோஷம் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? எங்கிருந்து தொடங்குவது? குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?"

உண்மைதான். பல வருடங்களாக இப்படி நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் சலிப்புக்குக் காரணம் உங்களுக்குக் கிடைத்த யோசனைதான். ‘இயற்கையை ரசியுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் கண் எதைப் பார்க்கும்? மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, வானம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்தாயிற்று. அப்புறம் மனசு பழைய கணக்குகளை எடுத்து விரித்துக்கொள்ளும், கை போனைத் தேடும். தேடிப் பறிக்கப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரண்டு அமெரிக்க உயிரியல் கல்வியாளர்கள் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். செடிகொடிகளைப் பார்த்தும் பார்க்காமலே போகிற நம் வழக்கத்துக்கு அதில் ‘பிளான்ட் பிளைண்ட்னெஸ்’ என்று பெயர் வைத்தார்கள். செடிகள் நகர்வதில்லை, பெரும்பாலும் ஒரே பச்சை, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. மூளை அவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திரைச்சீலையாக்கிப் பின்னால் தொங்கவிட்டுவிடுகிறது. நீங்கள் நடந்தபோது பார்த்தது அந்தத் திரைச்சீலையைத்தான். அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திரைச்சீலை கிழிவது ஒரே ஒரு செடியால். இதைப் பறவைகளிடம் கவனித்தவர் லூக் டின்பெர்கன் என்ற டச்சு ஆய்வாளர். பைன் மரக்காட்டில் சிறு பறவைகள் தங்கள் குஞ்சுகளுக்கு என்னென்ன புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டுகின்றன என்று கணக்கெடுத்தார். ஒரு வகைப் புழு காட்டில் புதிதாகத் தலைகாட்டும்போது பறவைகள் அதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. கொஞ்ச நாள் போய்ப் புழு பெருகியதும், திடீரென்று அதையே அள்ளிக்கொண்டு வருகின்றன. புழுவின் உருவம் பறவையின் கண்ணில் பதிந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். அவர் இறந்தபின் 1960-இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் ‘தேடல் உருவம்’ என்ற கருத்து பரவலானது. நமக்கும் அப்படியே நடக்கிறது. ஒரு செடியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்து, பெயரோடு தெரிந்துகொண்ட மறுநாள், தினமும் போகிற பாதையில் அது பத்து இடத்தில் நிற்கும். நேற்றும் அங்கேதான் நின்றிருக்கும். அந்த மறுநாள் காலையின் சந்தோஷத்துக்காகத்தான் நான் இன்னும் நடக்கிறேன்.

நான் முதலில் கற்ற செடி பருப்புக்கீரை. உலகின் வெப்பமான, மிதவெப்பமான நாடுகள் அநேகமாக எல்லாவற்றிலும் யாரும் விதைக்காமலே முளைக்கிற செடி இது. கல் இடுக்கு, கட்டட வேலைக்குக் கொட்டிய மணல், அறுவடை முடிந்த நிலம், எங்கும் தரையோடு தரையாகப் படரும். தண்டு லேசான சிவப்பு, வழுவழுப்பு, மண்புழு பருமன், உள்ளே நீர் கட்டியிருக்கும். இலை சின்னக் கரண்டி போல, அழுத்தினால் மெத்தென்று இருக்கும். மஞ்சள் பூ, வெயில் ஏறியதும் விரிந்து சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். பூவைவிடக் காயைத்தான் பார்க்க வேண்டும். காயின் இடுப்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. முற்றியதும் அந்தக் கோட்டில் பிரிந்து மேல்பாதி கழன்று விழும், சின்னப் பானையின் மூடியைப் போல. உள்ளே கறுப்பு விதைகள், கடுகைவிடப் பல மடங்கு சிறியவை. முதல்முறை அந்த மூடியை நகத்தால் நெம்பித் திறந்தபோது எவ்வளவு நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

இதே செடியில் இன்னொரு விஷயம். மண் காய்ந்துபோன நாட்களில் இது பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு இரவில் திறக்கிறது. பகலில் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இரவில் உள்ளே வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்துச் செலவழிக்கிறது. மாலிக் அமிலம்தான் ஆப்பிளுக்குப் புளிப்பைத் தருவது. ஆகவே வறண்ட நாளில் விடியற்காலை கிள்ளிய இலை நன்றாகப் புளிக்கும், அதே செடியில் மாலையில் கிள்ளிய இலையில் அந்தப் புளிப்பு இறங்கியிருக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கிள்ளி மென்று பாருங்கள். ராத்திரி முழுக்க ஒரு செடி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாக்கு சொல்லும். இந்த மாதிரி ஒன்றைத் தெரிந்துகொண்டு நடக்கிறவருக்குச் சலிப்பு வர வழியே இல்லை என்று நான் நம்புகிறேன்.

களைத்த மனசு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். ஒரு வேலையில் வலிந்து கவனத்தை நிறுத்திவைப்பது ஒரு தனிச் சக்தி, அது தீர்ந்துபோகிறது என்பது அவர்களுடைய கருத்து. இலை அசைவு, நீரோட்டம், நிழல் போன்றவை கவனத்தை மெல்லத் தானாக இழுக்கின்றன. அந்த நேரத்தில் வலிந்து பிடிக்கும் சக்திக்கு ஓய்வு கிடைக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒரு முறை மரத்தோட்டத்திலும் இன்னொரு முறை நகரத் தெருவிலும் ஆட்களை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கவிட்டார்கள். எண்களைக் கேட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வதில் மரத்தோட்ட நடைக்குப் பிறகு முன்னேற்றம் தெரிந்தது. குளிர்காலத்தில் நடந்தவர்கள் நடையை அவ்வளவாக ரசிக்கவில்லை, ஆனால் பலன் அவர்களுக்கும் கிடைத்தது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தக் கடைசிச் செய்தியை. நடக்கும்போதே பரவசம் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் போனார்களா, பிரித்துப் பிரித்துப் போனார்களா என்பது வித்தியாசம் செய்யவில்லை. உடலும் மனசும் நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இதை வாசிக்கலாம், ஆகவே 120 என்பதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ள அது வசதியான அளவு.

2020-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். வயதானவர்கள் எட்டு வாரம், வாரம் ஒரு முறையாவது, 15 நிமிடம் நடந்தார்கள். ஒரு குழுவிடம் மட்டும், வியக்க வைக்கிற எதையாவது புதுக் கண்ணோடு தேடுங்கள் என்று சொல்லப்பட்டது. நடக்கும்போது எல்லாரும் தங்களைத் தாங்களே படமெடுத்தார்கள். வாரங்கள் போகப் போக, வியப்பைத் தேடியவர்களின் படங்களில் அவர்களுடைய உருவம் சிறிதாகி, பின்னால் உள்ள காட்சி பெரிதானது. சிரிப்பும் கூடியது. இரண்டு குழுவிடமும் நடக்கச் சொன்னது ஒரே அளவு. கண்ணுக்கு ஒரு வேலை இருந்ததுதான் வேறுபாடு.

இவை எல்லாம் நடையைப் பற்றிய ஆய்வுகள். பறிப்பதைப் பற்றி நான் சொல்வது என் அனுபவம். பறிக்கத் தொடங்கியதும் உங்களுக்கென்று ஒரு நாட்காட்டி உருவாகும். மழை பெய்து எத்தனை நாளில் எந்த வரப்பில் கீரை துளிர்க்கும், எந்தப் புதரில் பழம் முதலில் நிறம் மாறும், எந்த மரத்தடியில் பழம் விழ ஆரம்பித்திருக்கும் என்று ஒன்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், ‘நேற்று ராத்திரி மழை பெய்தது, ஓடைக்கரையில் இப்போது துளிர் வந்திருக்கும்’ என்ற நினைப்பு வரும். எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று நமக்கு மறந்தே போயிற்று. நம் இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள், விவசாயம் வந்து சுமார் 12,000 ஆண்டுகள். மற்றக் காலமெல்லாம் தேடியும் வேட்டையாடியும்தான் வாழ்ந்தோம். பழுத்த பழத்தைக் கண்டதும் உடம்பில் ஓடுகிற அந்தச் சின்ன விறுவிறுப்பு பழையது.

சரி, எப்படித் தொடங்குவது? புதுப்புது இடங்களைத் தேடிப் போக வேண்டாம். ஒரே பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடியது போதும். ஓடைக்கரை, வரப்பு, தரிசு நிலத்து ஓரம், ஊர் எல்லையில் உள்ள ஒற்றையடிப்பாதை எதுவானாலும் சரி. முதல் இரண்டு வாரம் எதையும் பறிக்காதீர்கள். ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அது முளைப்பது முதல் காய்ப்பது வரை எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தெரிந்த செடியாகவே எடுங்கள். சமையலறையில் நீங்கள் ஆயிரம் தடவை பார்த்த கீரை வெளியில் காடாக நிற்கும்போது வேறு முகத்தோடு இருக்கும், அதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. போனைப் பைக்குள்ளேயே வைக்க ஒரு வழி, கையில் சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போவது. எனக்கு வரையத் தெரியாது, இருந்தாலும் இலையின் விளிம்பை வரைகிறேன். வரையும்போதுதான் அது நேராக இல்லை, பல்பல்லாக இருக்கிறது என்பது கண்ணில் படுகிறது.

கூடவே, தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஊருக்கு ஊர் வயதான ஒருவராவது இருப்பார், வரப்பில் குனிந்தால் மடி நிறையக் கொண்டு வருவார். அவரோடு ஒரு நாள் நடப்பது நூறு படங்களைப் பார்ப்பதற்குச் சமம், ஏனென்றால் அவர் செடியின் மணத்தையும் கசப்பையும் பிசுபிசுப்பையும் சேர்த்துக் கற்றுத்தருவார்.

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல வேண்டிய பகுதி. பறிப்பதில் ஆபத்து நிஜமானது. ஒரு நாள் பருப்புக்கீரையை அவசரமாக அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். கட்டைவிரலில் பிசுபிசுப்பாக வெள்ளைப் பால். பருப்புக்கீரையில் பால் கிடையாது, கிள்ளினால் தெளிந்த நீர்தான் வரும். அதே தரையில் அதே மாதிரி படர்கிற அம்மான் பச்சரிசி இனச் செடி ஒன்று கலந்து வந்திருந்தது. அந்த இனத்தில் உடம்புக்கு ஒவ்வாத பால் கொண்டவை நிறைய. அன்று கொண்டுவந்த மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தண்டையும் பறிக்கும் இடத்திலேயே கிள்ளிப் பார்த்துத்தான் பையில் போடுகிறேன்.

எது என்று நூற்றுக்கு நூறு தெரியாததை வாயில் வைக்காதீர்கள். ‘பறவை தின்கிறது, நாமும் தின்னலாம்’ என்பது தவறு. மனிதரைக் கொல்லக்கூடிய பழங்களைப் பறவைகள் சாதாரணமாகத் தின்னும். அழகும் சாட்சி இல்லை. கண்ணைப் பறிக்கும் செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, உண்ணும் கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். சாக்ரடீஸுக்குக் கி.மு. 399-இல் கொடுத்த ஹெம்லாக் நஞ்சு, கேரட் குடும்பத்துச் செடி ஒன்றிலிருந்து வந்தது. அந்தச் செடியைப் பார்த்தால் கொத்துமல்லிக்கு அக்கா என்று தோன்றும். மணத்தக்காளியில்கூடப் பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, சோலனின் நஞ்சு அதில் இருக்கிறது, நன்றாகப் பழுத்ததுதான் சரி. ஐரோப்பாப் பக்கம் இருப்பவர்கள் அதைப் பெல்லடோனா என்ற நச்சுச் செடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மணத்தக்காளி கொத்தாகக் காய்க்கும். பெல்லடோனாப் பழம் தனித்தனியாக, விரிந்த ஐந்து பச்சை இதழ்களின்மேல் உட்கார்ந்திருக்கும்.

காளான் பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ‘டெத் கேப்’ என்ற காளான்தான் உலகில் காளான் நஞ்சால் ஏற்படும் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம். சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. அப்புறம் வாந்தியும் வயிற்றுப்போக்கும், பிறகு குணமானது போல ஒரு இடைவெளி, அதற்குள் ஈரல் கெட்டுப்போயிருக்கும். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் நல்லது என்பதெல்லாம் வெறும் கதை. காளானைப் பாருங்கள், வரையுங்கள், அடிப்பக்கத்து மடிப்புகளை எண்ணுங்கள். பறித்துத் தின்ன, பல பருவம் ஒரு தேர்ந்தவரோடு நடந்திருக்க வேண்டும்.

செடி சரியாக இருந்தாலும் மண் சரியாக இருக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை உலகில் கடைசி நாடு கைவிட்டது 2021-இல்தான், ஈயமோ மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். அதனால் பெரிய சாலை ஓரத்திலும் பழைய தொழிற்சாலைப் பக்கமும், மருந்தடித்த வயலிலும், சாக்கடை ஓரத்திலும் எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் பறிக்காதீர்கள். பருப்புக்கீரையிலும் புளியாரையிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது, மற்றவர்கள் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் அது குறையும். புல்லுக்குள் போகும்போது கையில் ஒரு கோல், காலில் மூடிய செருப்பு.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பின்லாந்திலும் சுவீடனிலும் அடுத்தவர் நிலத்துக் காட்டிலும் பழமும் காளானும் பறிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. பிரிட்டனில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காப்புக்காடுகளில் பொதுவாக இலையைக்கூட எடுக்கக் கூடாது. உங்கள் இடத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதி எதுவானாலும் நான் வைத்திருக்கிற வழக்கம் ஒன்று உண்டு. ஒரே ஒரு செடி நின்றால் தொடுவதில்லை, கூட்டமாக நின்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனி கிள்ளுவதோடு சரி. வேர் மண்ணில் இருந்தால் அடுத்த வாரமும் போகலாமே.

வெறுங்கையோடு திரும்புகிற நாட்கள் நிறைய வரும். பழம் இன்னும் காயாக இருக்கும், அல்லது உங்களுக்கு முன்னால் அணில் வந்து போயிருக்கும். என் பையில் பாதி நாள் எதுவும் இருக்காது. ஆனால் அந்த நாட்களில்தான் கண் வேறு எங்காவது போகும். காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழும்போது வருகிற வாசனையில் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருள் இருக்கிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது அது. காற்றில் மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரு நாள் பழம் கிடைக்காமல் திரும்பும்போது தூரத்தில் எங்கோ பெய்த மழையை அப்படி மூக்கால்தான் முதலில் தெரிந்துகொண்டேன். அரை மணி கழித்துத்தான் அது நான் நின்ற இடத்துக்கு வந்தது.

குழந்தையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். போகும் முன்பே ஒரே ஒரு விதியைச் சொல்லிவையுங்கள்: எதுவாக இருந்தாலும் வாயில் வைக்கும் முன் எடுத்துவந்து காட்ட வேண்டும். குன்றிமணி மாதிரி சிவப்பாக மின்னுவதையெல்லாம் பொறுக்கத் தோன்றும், குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. தொடங்குவதற்குப் புளியாரையைக் காட்டுங்கள். இதய வடிவில் மூன்று இலைகள், சின்ன மஞ்சள் பூ. சாயங்காலம் போனால் மூன்று இலையும் குடை மடக்கியது போலத் தொங்கிக்கொண்டிருக்கும். காய் முற்றியதா என்று பார்க்க, நிமிர்ந்து நிற்கிற பச்சைக் காயை விரல் நுனியால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். முற்றியிருந்தால் விதைகள் பட்டென்று தெறித்துக் கன்னத்தில் வந்து அடிக்கும். அதற்கப்புறம் அந்தப் பாதையில் இருக்கிற ஒவ்வொரு காயையும் தொட்டுப் பார்க்காமல் குழந்தை வீட்டுக்கு வராது, ஆகவே கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.